கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அறை

என் அக்காவைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேப்பரில் எழுதினார்கள். முதலில் வாங்கியவர் கையிலேயே இன்னும் இருக்கிற பழைய பர்சனல் கம்ப்யூட்டர்கள் நகரத்தில் எவை எவை என்று தேடிப்பிடித்துப் போட்ட அரைப் பக்கக் கட்டுரை அது. இருப்பதில் மிகப் பழையது அத்தானுடையது என்று போட்டிருந்தார்கள். படத்தில் அவர் கம்ப்யூட்டரின் மேல் கை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை பட்டம் வாங்கிவிட்டதைப் போல நிற்கிறார். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அது அக்காவுடையது. போட்டோ எடுக்க வந்தவர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாராம், இவளும் தள்ளி நின்றாளாம். அந்த முழங்கைக்காரியைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். வேறு ஆள் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஒலிபெருக்கியில் டாக்டர்களைக் கூப்பிடுவதும் அவள்தான். அந்தக் குரலில் அவசரம் இருக்கும், பதற்றம் இருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டவர்கள், வீட்டுக்குப் போகும் நாளில் அவளைத் தேடிவந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பார்த்ததும் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். அந்தக் குரலுக்கு நல்ல உயரமான ஆளாக எதிர்பார்த்திருப்பார்கள். இவளோ நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத ஆள். "இவ்வளவுதான் நான்" என்று சிரிப்பாள்.

அத்தான் குடிநீர் வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமான மூன்றாம் வருஷம், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப்போவதாகச் சொல்லி அதை வாங்கினார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீட்டைத் தெருவே வேடிக்கை பார்த்தது. முதல் மாணவியாகப் பக்கத்து வீட்டு டீச்சர் சேர்ந்தார். பாவம், டைப்ரைட்டரில் பழகிய விரல்கள். கொஞ்சம் அழுத்தித் தட்டிவிட்டார். அத்தான் முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாளே டீச்சரிடம் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். வகுப்பு அத்தோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் உருப்படியாக ஒரு வேலையும் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையை எடுப்பார், மெல்லிய துணியால் துடைப்பார், ஸ்விட்சைப் போடுவார், திரையில் தேதியும் மணியும் வருவதைப் பார்ப்பார், அணைப்பார், மூடிவிடுவார். முப்பது வருஷமாக வீட்டில் ஒருவர் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது.

தெருவில் அவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். எதை எடுத்தாலும் ஒரிஜினலாக இருக்க வேண்டும் அவருக்கு. டிவி ரிமோட் வாங்கிய நாளில் வந்த கண்ணாடித் தாளுக்குள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மோகோல், கட்டியிருந்த நாடா எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சீல். கம்பெனிக்காரன் பின்பக்கத்து மூடியில் ஒட்டிய, நகம் அளவுள்ள காகிதம். அது கிழிந்தால் பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது கிழியவே இல்லை என்பதுதான் அத்தானின் வாழ்நாள் சாதனை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சீலைக் காட்டுவார்.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வயிற்றெரிச்சல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கால்வாய் ஓரத்துத் தரைத்தள வீடு. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, உள்ளே ஓர் அறை. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிரும். மழைக்காலத்தில் துணி காயாது, உப்பு கரையும், தலையணை ஜில்லென்று இருக்கும். உள்ளறைக்கு மட்டும் இரண்டு பக்கம் வெயில். சுவர் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும். அந்த அறை கம்ப்யூட்டருக்கு. அதுவும் போதாதென்று காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் ஒன்றையும் வாங்கி அங்கே வைத்தார். அதன் அடியில் இருக்கிற தொட்டியில் தண்ணீர் நிறையும். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது அக்காவின் வேலை. அறைக்குள் போக அவளுக்கு இருந்த அனுமதி அவ்வளவுதான்.

அவர்கள் படுத்துக்கொண்டது கூடத்தில். அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஆள். அக்காவுக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு வந்தது. மைக்கில் ஒரு டாக்டர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மைக்கில் அவள் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அவள் கூப்பிடுகிற டாக்டர்களில் ஒருவரே ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிசோதித்தார். மாத்திரையெல்லாம் அப்புறம், முதலில் ஈரம் இல்லாத இடத்தில் படுத்துத் தூங்குங்கள், இல்லாவிட்டால் இந்த நுரையீரல் நாளைக்கு எதற்கும் உதவாது என்று சொல்லிவிட்டார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள் அக்கா. ஈரம் இல்லாத இடம்தான் வீட்டிலேயே இருக்கிறதே என்று.

அத்தான் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆற அமர யோசித்துத்தான் பதில் சொன்னார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"மனுஷ மூச்சுல ஈரம் இருக்கு. கண்ணாடியில ஊதிப் பாரு, தெரியும். ராத்திரி முழுக்க நீ அதுக்குள்ள மூச்சு விட்டா என்னத்துக்கு ஆகும்?"

இதற்கு என்ன சொல்ல முடியும்? மூச்சு விடாமல் படுத்துக்கொள்கிறேன் என்றா சொல்ல முடியும்? அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான்தான் அத்தானிடம் ஏதேதோ பேசினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டியின் தங்கை பேசுவதைக் கேட்டு நடக்கிற வழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது.

ஒரே ஒரு தடவை அக்கா அந்த அறையில் படுத்தாள். அலுவலகப் பயிற்சிக்காக அத்தான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது. கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்திருக்கிறாள். குழந்தை மாதிரித் தூங்கினேன் என்று நான் போன் பண்ணியபோது சொன்னாள். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிப் பார்த்தேன், பழைய குரல் திரும்பியிருந்தது. அத்தான் ஊரிலிருந்து வந்து உள்ளறைக் கதவைத் திறந்ததுமே இழுப்புக்கு அவள் தடவுகிற தைலத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அறைக்குப் பூட்டு. காலையில் தொட்டியைக் கொட்டுகிற நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுவார்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நகரத்தில் ஒரு சங்கம் இருந்தது. அத்தான் அதில் சேர்ந்தது பின்னால்தான். டயர் கடை மாடியில் கூடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் எல்லோரும் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களிடம் இரண்டே வகை: ஓடுவது, நிற்பது. எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினால் ஓடுவது. காட்ட முடியாவிட்டால் நிற்பது, அதற்குச் சுவரோர மேஜை. ஓடுவதில் மிகப் பழையதை நடுமேஜையில் வைத்துக் கடைசியாகப் போடச் சொல்வார்கள். அத்தானுக்கு அந்த நடுமேஜை வேண்டும்.

சங்கத் தலைவர் நல்ல மனுஷன். அத்தானின் கம்ப்யூட்டர் எந்த மாடல் என்று கேட்டதுமே, உள்ளே மணி காட்டுவதற்காக ஒரு பேட்டரி இருக்கும், அதை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள், நாங்கள் எல்லோரும் செய்கிற முதல் காரியம் அதுதான் என்று சொல்லியிருக்கிறார். அத்தான் சிரித்துக்கொண்டாராம். திறந்தால் சீல் கிழியுமே. சீல் கிழியாத பெட்டி அவர்களில் வேறு யாரிடமும் இல்லை, அந்தப் பொறாமையில் சொல்கிறார்கள் என்று அக்காவிடம் வந்து விளக்கினார்.

கொஞ்ச நாளில் திரையில் தேதி தப்பாக வர ஆரம்பித்தது. பிறகு இரண்டு மூன்று எழுத்துகள் தட்டினாலும் விழவில்லை. தொட்டியைக் கொட்டப் போகிற அக்காவுக்கு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏதோ புளித்த நாற்றம் அடித்திருக்கிறது. சொன்னாள். "உனக்குத்தான் எப்பவும் மூக்கு அடைச்சுக்கிட்டே இருக்கே, உனக்கு மட்டும் எங்கேருந்து நாத்தம் வருது?" என்று அத்தான் அவள் வாயை அடைத்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை போடுவதையும் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தடவை போடும்போதும் அதன் ஆயுசு குறைகிறதாம். நடுமேஜையில் போடுகிற அந்த ஒரு தடவைக்காகச் சேர்த்து வைத்தார்.

பேப்பரில் படம் வந்தது இந்தச் சமயத்தில்தான். அந்த வருஷம் நடுமேஜை அத்தானுக்கு என்று முடிவாகிவிட்டது.

பெட்டிகளைக் கொண்டுபோய் வைக்கிற அந்த நாளில் வாடகைக் காரில் போனோம். சிபியூவைப் பின்சீட்டில் வைத்து அதற்கு பெல்ட் போட்டார் அத்தான். மானிட்டர் அக்காவின் மடியில். எனக்கும் அவளுக்கும் பெல்ட் இல்லை. ஹாலில் நல்ல கூட்டம். பேப்பரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு பெட்டி கரகரவென்று முனகிக்கொண்டு உயிர் பெறுவதும், சுற்றி நின்றவர்கள் கைதட்டுவதுமாக இருந்தது. அத்தான் புதுச் சட்டை போட்டிருந்தார். கடைசியாக அவர் முறை வந்தபோது சீலைக் காட்டி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். கவனித்தால் எதுவும் நம்மை விட்டுப் போகாது என்றார். இதைச் சொல்லும்போது அக்கா சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்விட்சைப் போட்டார். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் ஒன்றுமே வரவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். வரவில்லை. யாரோ பிளக்கை மாற்றிக் கொடுத்தார்கள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் அவர் தோளில் கை வைத்து, இங்கேயே திறந்து பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஹாலில் கரண்ட் சரியில்லை என்று அத்தான் சத்தமாகச் சொன்னார். சுற்றிலும் மற்ற பெட்டிகள் எல்லாம் அதே கரண்டில் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும். பெட்டியைச் சுவரோர மேஜைக்கு மாற்ற நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுவாரம் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கு வந்தார். முடிவில் சீலைக் கத்தியால் கிழித்தது அத்தானேதான். மூடியை எடுத்ததும் அக்கா சொன்ன அதே நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பேட்டரி ஒழுகி, பச்சையும் நீலமுமாகப் பூத்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் பாதியைத் தின்றிருந்தது. ரிப்பேர்க்காரர் ஸ்க்ரூடிரைவரால் அதிலிருந்த ஒரு சிப்பைத் தொட்டார். அதன் கம்பிக் கால்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. முன்னாலேயே திறந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை சார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

ஈரம் பட்டதால்தான் இப்படி ஆயிற்றா என்று அத்தான் கேட்டார். ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பாலைவனத்தில் வைத்திருந்தாலும் இந்தப் பேட்டரி ஒழுகத்தான் செய்யும் என்று ரிப்பேர்க்காரர் தெளிவாகச் சொன்னார். அத்தான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ரிப்பேர்க்காரர் போனதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒரு வாரம் நீ உள்ள படுத்தே பாரு, அதுதான்."

அக்கா உதிர்ந்த பொடியைத் துணியால் துடைத்து அள்ளினாள். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதினால் பேப்பரில் போட மாட்டார்கள்.

அதன்பிறகு அத்தான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பூட்டவும் இல்லை. ஒருநாள் அக்கா தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. படி ஏறினால் நடுவில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடியும் முழுநேரம் மைக் கொடுத்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளே எனக்கு போன் பண்ணி, சும்மாதான் பண்ணினேன், விசேஷம் ஒன்றுமில்லை என்றாள். நானும் நம்பிவிட்டேன். செத்த பெட்டி செத்துவிட்டது, இனி இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அத்தான் அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக விசாரித்து, அதே மாடல், அதே வருஷம், அதே போலச் சீல் கிழியாத இன்னொன்றைப் பிடித்துவிட்டார். வாங்கியவர் இறந்துபோய், பிள்ளைகள் பரணில் போட்டு மறந்துவிட்ட பெட்டி. ரிப்பேர்க்காரரே கொண்டுவந்து இறக்கினார். போட்டதும் ஓடியது. அக்கா வேலை முடிந்து வந்தபோது அவள் கட்டில் கழற்றப்பட்டுக் கூடத்துச் சுவரில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது, ஈரம் ஏறிய அந்தச் சுவரில். உள்ளறையில் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார் அத்தான்.

அவள் கேட்டாள், என் இடம் என்ன ஆச்சு என்று. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை.

"அது செத்துப்போச்சுன்னுதானே நீ உள்ள படுத்தே. இது உயிரோட இருக்கே."

சில வாரம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது, ஓடினேன். என் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். மாடி வீடு, வெயில் வரும், எனக்கும் துணை. அவள் கேட்டுக்கொண்டே தைலத்தை மார்பில் தடவிக்கொண்டிருந்தாள். இருமல் திரும்பி வந்திருந்தது. வரமாட்டேன் என்றாள். ஏன் என்றேன். அத்தான் வெளியே போன பிறகு சொன்னாள்.

முந்தின வாரம் ரிப்பேர்க்காரர் போன் பண்ணியிருக்கிறார். அத்தான் குளித்துக்கொண்டிருந்ததால் இவள் எடுத்திருக்கிறாள். இந்தப் பெட்டியிலும் அதே பேட்டரிதான் இருக்கிறது, அது ஒழுக ஆரம்பித்திருக்கும், சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். சார் சீலுக்காகப் பயப்பட வேண்டாம், அடிப்பக்கமாகத் திறக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், சீல் அப்படியே இருக்கும், நான் வெளியூரில் புது வேலைக்குப் போகிறேன், அதற்குள் ஒருநாள் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"சொல்லிடறேன்னு சொன்னேன்."

"சொன்னியா?"

"இல்ல."

என் அக்காவின் உத்தியோகமே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்ப்பதுதான். ரிப்பேர்க்காரர் ஊரைவிட்டே போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். பேட்டரியை எடுக்காவிட்டால் பெட்டி எவ்வளவு நாள் தாங்குமாம் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் தாங்குமாம்." கொஞ்சம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது முந்துதா, நான் முந்தறேனான்னு பார்க்கணும்."

சொல்லிவிட்டுக் கூடத்தில் பாயை உதறி விரித்தாள். நானும் அத்தானிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.